வயிற்றுவாரில் வந்த இழுப்பு

எங்கள் ஊரில் இந்த நோய்க்கு இடத்துக்கொரு பெயர். வைத்தியசாலையில் நம்பர் எடுத்துக்கொண்டு குந்தியிருக்கும்போது அது 'இழுப்பு'. அயல்வீட்டாரிடம் சொல்லும்போது 'சளிக்குணம்'. வயது போன பெண்கள் 'முட்டு' என்பார்கள். பாடசாலைக்கு வரும் லீவுக் கடிதத்தில் 'தடிமனும் காய்ச்சலும்'. கிளினிக் கொப்பியில் மட்டும் அதன் சொந்தப் பெயரான ஆஸ்துமா, ஆங்கிலத்தில், எவரும் வாசிக்க முடியாத கையெழுத்தில் இருக்கும். கலியாணப் பேச்சில் அதற்குப் பெயரே கிடையாது.

இருபது வருடங்களாக வரவுப் பதிவேடு குறித்து வருகின்றேன். ஒரு பிள்ளை எந்தெந்த நாட்களில் வருவதில்லை என்பதை வைத்தே அதன் வீட்டைப் பற்றிப் பாதி சொல்லிவிடலாம். பெரும்போக அறுவடை வந்தால் பின்வாங்குப் பையன்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். அது ஊரறிந்த விடயம். இன்னும் சில பிள்ளைகள் இருக்கின்றார்கள். மாரி தொடங்கிய கையோடு நாலைந்து நாள் வரமாட்டார்கள். பிறகு சூடடிக்கும் காலத்தில், வயற்காற்றோடு பதர்த்தூசு ஊருக்குள் வரும்போது, மறுபடியும் காணாமற் போவார்கள். கடிதத்தில் இருப்பது அதே தடிமனும் காய்ச்சலும்தான்.

2023இல் தரம் 9இல் அப்படியொரு பெண்பிள்ளை இருந்தாள். கணக்கில் நல்ல கெட்டிக்காரி. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்த நாளொன்றில் வேப்பமரத்தடியில் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி நின்றாள். பேசச் சொன்னால் ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை. தொண்டைக்குழி உள்ளே இழுபட்டது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். முகமூடி வைத்து மருந்துப் புகை பிடித்து, அரை மணித்தியாலத்தில் நிறம் திரும்பியது. உம்மா ஓடி வந்தா. "பம்ப் ஊட்டுல இரிக்கி சேர்" என்றா. "பள்ளிக்கூடத்துக்குக் குடுத்து விடுறல்ல. புள்ளைகள் கண்டா ஊரெல்லாம் போயிரும்."

ஏன் போகக்கூடாது என்பதைப் பிறகொரு நாள் சொன்னா. மூத்த மகளுக்குப் பேசி வந்த சம்பந்தம் அரைவாசியில் நின்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. ஆனால் தரகரின் வாயிலிருந்து காரணம் கசிந்துவிட்டது. இளைய பிள்ளைக்கு இழுப்பாம்; தாய்க்கும் சின்ன வயதில் இருந்ததாம்; அது அந்த வயிற்றுவாரிலேயே உள்ளதாம். மூத்தவளுக்கு ஒரு நாளும் மூச்சு முட்டியதில்லை. அது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த உம்மாவைக் கூடுதலாகச் சுட்டது வேறொன்று. இதே வார்த்தையைத் தனது மாமியும் பதினைந்து வருடமாகச் சொல்லி வருகின்றாவாம்: "எங்கட பக்கத்துல இப்பிடி ஒண்டும் இல்ல."

கிழக்கின் முஸ்லிம்களிடையே குடிமுறை இருப்பதை இந்த ஏட்டின் வாசகர்கள் அறிவார்கள். குடி தாய்வழியில் வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. தகப்பனின் குடி தகப்பனோடு நின்றுவிடும். குடிக்குள்ளே மேலும் நெருங்கிய கிளை வயிற்றுவார். ஒரே குடிக்குள் சம்பந்தம் செய்வதில்லை என்பது பழைய வழக்கம். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே போய் வாழ்வார். பெண்ணுக்கு ஒரு கூரையையும், கோபம் வந்தால் வெளியேற வேண்டியவர் யார் என்ற தெளிவையும் தந்த ஏற்பாடு இது. சீதனத்தின் பேரால் அது எப்படிக் கெட்டது என்பது வேறு கதை. நோயைப் பங்கு வைக்கும்போது மட்டும் இந்த முறை பெண்ணுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. பிள்ளைக்கு நல்ல நிறம் வந்தால் வாப்பா பக்கம். கணக்கு நன்றாக வந்தால் வாப்பாவின் மூத்த காக்கா என்ஜினியர் அல்லவா. இழுப்பு வந்தால் வயிற்றுவார்.

நோய் பரம்பரையில் வருகிறது என்று ஊர் சொல்வதில் பொய்யில்லை. விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. 1916இல் அமெரிக்க வைத்தியர்களான குக்கும் வாண்டர் வீரும் ஒவ்வாமை நோயாளர் ஐந்நூறு பேருக்கு மேல் குடும்ப வரலாறு கேட்டு எழுதினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேரின் குடும்பத்தில் இத்தகைய நோய் முன்பே இருந்தது. ஆகவே 'பரம்பரையா, இல்லையா' என்பது கேள்வியல்ல. பரம்பரையில் வருவது எது, எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி. அங்கேதான் ஊர்ப்பேச்சும் விஞ்ஞானமும் பிரிகின்றன.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்தது மெண்டலின் பட்டாணிச் செடியை. 1866இல் அச்சான கட்டுரை. நெட்டைச் செடி, குட்டைச் செடி, மூன்றுக்கு ஒன்று. இன்றைக்கும் தரம் 11 பிள்ளைகளுக்கு நானும் அதைத்தான் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுகின்றேன். அழகான பாடம். பரீட்சைக்கும் வரும். ஆனால் அந்தக் கட்டத்தை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டு பாடசாலையை விட்டுப் போகிறவர்கள், எல்லா நோயும் ஒற்றைப் பரம்பரையலகில் நெட்டை குட்டையைப் போல இறங்கும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சில நோய்கள் அப்படித்தான். தலசீமியா அப்படிப்பட்டது. தாயும் தகப்பனும் அதன் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு. கலியாணத்துக்கு முன் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று நமது நாட்டில் சொல்லப்படுவது அதற்காக. நியாயமான பேச்சு, நானும் வகுப்பில் சொல்கின்றேன். அதை அரைகுறையாகக் கேட்டவர்கள் இழுப்பையும் அதே கூடைக்குள் போட்டுவிடுகிறார்கள். இழுப்புக்கு அப்படியொரு பரிசோதனை கிடையாது. ஏன் கிடையாது என்பதைச் சொல்ல ஒரு தீவுக்குப் போய்வர வேண்டும்.

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவில் திரிஸ்தான் டா குன்ஹா என்றொரு எரிமலைத் தீவு. விமானம் இறங்க இடமில்லை. கேப்டவுனிலிருந்து கப்பலில் ஒரு கிழமை செல்லும். ஆகக் கிட்டிய அயலூர் சென்ற் ஹெலினா தீவு. அதுவே 2,400 கிலோமீற்றர் தூரம். நெப்போலியனைச் சிறைவைத்த அதே சென்ற் ஹெலினா. அவரை மீட்க யாரும் திரிஸ்தான் வழியாக வந்துவிடக் கூடாதென்று 1816இல் பிரித்தானியர் அங்கே ஒரு சிறுபடையை இறக்கினார்கள். அடுத்த வருடம் படை திரும்பியபோது வில்லியம் கிளாஸ் என்ற ஸ்கொட்லாந்துக் கோப்ரல், மனைவி பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டார். கப்பலுடைந்தவர்களும் கடல் அலுத்தவர்களுமாக இன்னும் சில ஆண்கள் சேர்ந்தார்கள். பெண்கள் இல்லை. 1827இல் சென்ற் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்கள் கப்பலில் வந்திறங்கினார்கள். முன்பின் காணாத ஆண்களுக்கு வாழ்க்கைப்பட இத்தனை கடலைக் கடந்தவர்கள். 1892இல் கரைதட்டிய ஒரு கப்பலிலிருந்து இத்தாலிய மாலுமிகள் இருவர் தங்கினார்கள். இப்படிச் சேர்ந்த ஏறத்தாழப் பதினைந்து பேரின் சந்ததிதான் இன்று அங்கே வாழும் இருநூற்றுச் சொச்சம் பேரும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தீவு முழுவதற்கும் ஏழே ஏழு குடும்பப் பெயர்கள். எங்கள் ஊர்க் குடிகளின் தொகையைவிடக் குறைவு.

1961இல் எரிமலை வெடித்தது. தீவார் அனைவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே அவர்களைப் பரிசோதித்த வைத்தியர்கள் திகைத்தார்கள். கேட்கும் நெஞ்செல்லாம் சீழ்க்கையொலி. 1963இல் பெரும்பாலானோர் தங்கள் தீவுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். இங்கிலாந்தின் வசதிகளை விட்டுவிட்டு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குத் திரும்பிய அந்த ஜனங்களை எனக்குப் பிடிக்கும். ஆயினும் கேள்வி அவர்களைப் பின்தொடர்ந்தது. சந்ததி வழிகளைத் தேடிப் போனவர்கள், ஆதியில் குடியேறியவர்களில் மூவருக்கு ஆஸ்துமா இருந்ததென்று கண்டார்கள். 1993இல் டொரன்டோப் பல்கலைக்கழகத்தின் நோயே ஸமெல் தலைமையில் ஒரு குழு கப்பலேறிப் போய்த் தீவாரைப் பரிசோதித்தது. பாதிக்கு மேற்பட்டோரிடம் ஆஸ்துமாவின் அடையாளம் இருந்தது.

இதுவரை கேட்டால் அந்த மாமி வென்றுவிட்டா. மூன்று பேர் கொண்டுவந்தார்கள், முந்நூறு பேருக்குப் பரவியது, இரத்தம் இரத்தந்தான் என்று சொல்லிவிடலாம். ஆராய்ந்தவர்களும் ஏறத்தாழ அப்படியே நினைத்தார்கள். இத்தனை நெருங்கிய இரத்தத்தில் ஆஸ்துமாவுக்குரிய பரம்பரையலகு கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் என்று தீவாரின் இரத்த மாதிரிகளைக் கொண்டு தேடினார்கள். அமெரிக்காவின் மருந்து ஆராய்ச்சி நிறுவனமொன்றும் அதில் பணம் போட்டது. 1990களின் பிற்பகுதியில் கண்டுவிட்டோம் என்ற அறிவிப்பும் வந்தது. ஆனால் 'இதுதான் ஆஸ்துமா' என்று சுட்டிக்காட்டத்தக்க ஒற்றைப் பரம்பரையலகு அந்தத் தீவிலும் அகப்படவில்லை, வேறெங்கும் அகப்படவில்லை. எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப் படுவது இன்னொன்று. அதே பதினைந்து பேரின் பேரப்பிள்ளைகள். ஒரே மலையடிவாரம், ஒரே காற்று, ஒரே உணவு. அப்படியிருந்தும் பாதிக்குச் சற்றுக் குறைந்தவர்கள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தேடும் முறையே மாறியது. ஒரு தீவை விட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நிறமூர்த்தங்களை முழுமையாக ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். 2007இல் பதினேழாவது நிறமூர்த்தத்தின் ஓரிடம் சிறுவயது ஆஸ்துமாவோடு தொடர்புடையதென்று தெரியவந்தது. சிறு வயதில் தொடங்கும் ஆஸ்துமாவுக்கு இதுவரை கிடைத்தவற்றுள் ஆக உறுதியான தடயம் அதுவே. ஆனால் ஆபத்தைக் கூட்டும் அந்த வடிவம் அபூர்வமானதன்று. ஐரோப்பிய மக்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருபோதும் இழுப்பு வருவதில்லை. அதற்குப் பின்னர் கண்டுபிடிக்கப்பட்ட இடங்களையும் சேர்த்தால் இன்று நூறுக்கு மேல். ஒவ்வொன்றும் தராசில் ஒரு நெல்மணி அளவு பாரம். எல்லோரிடமும் சில மணிகள் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடமும் உண்டு. அவற்றை எண்ணி, 'இந்தப் பெண் வேண்டாம்' என்று தீர்ப்புச் சொல்ல எந்த ஆய்வுகூடத்தாலும் முடியாது.

ஒத்த இரட்டையர்களும் இதையே சொல்கிறார்கள். ஒரே பரம்பரையலகுத் தொகுதியோடு பிறந்தவர்களில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால் மற்றவருக்கு வரும் சாத்தியம், சாதாரண சகோதரர்களுக்கு இருப்பதைவிடக் கூடுதல். அது பரம்பரையின் பங்கு. ஆனாலும் ஒருவர் இழுக்க மற்றவர் ஓடி விளையாடும் சோடிகள் தாராளமாக உண்டு. மீதிப் பங்கு வெளியே இருக்கிறது.

அந்த வெளியைப் பற்றி 2008இல் பிரான்ஸ் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நான் சொன்ன பதினேழாவது நிறமூர்த்தத்தின் அந்த இடம், குழந்தைப் பருவத்தில் வீட்டில் சிகரட் புகையைச் சுவாசித்த பிள்ளைகளிடத்தில் கூடுதலாக ஆபத்தைச் செய்கிறது. அதாவது ஒரே வடிவம், புகையில்லாத வீட்டில் அடங்கிக் கிடக்கிறது. புகையுள்ள வீட்டில் எழும்பி நிற்கிறது. எங்கள் ஊரில் எத்தனை வாப்பாமார், தொட்டிலுக்கு மேலே புகை சுழல, திண்ணையிலும் மண்டபத்திலும் குந்தியிருந்து ஊர் விவகாரம் பேசுகிறார்கள்! அந்தப் புகைக்கு எந்த வயிற்றுவார்?

அந்தப் பெண்பிள்ளையின் வாப்பாவும் புகைப்பவர். பாடசாலைக்கு வந்திருந்தபோது மேற்சட்டைப் பையில் பெட்டி தெரிந்தது. அவருடைய உம்மாதான் 'எங்கட பக்கத்துல ஒண்டும் இல்ல' என்று சொன்னவ. பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: "எங்கட உம்மாக்கு நெஞ்சுச் சளி மட்டும் ஆயுள் முழுக்க இரிக்கி. மாரி வந்தா ராவைக்குக் குந்தித்தான் தூங்குவா." அது என்ன நோயென்று சொல்ல நான் வைத்தியனல்லன். ஆனால் மருமகளிடம் இருந்தால் இழுப்பு, மாமியிடம் இருந்தால் நெஞ்சுச் சளி என்றொரு அகராதி எங்கள் ஊரில் இருக்கிறது என்பதை மட்டும் குறித்து வைக்கின்றேன்.

தாய், தகப்பன் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 2010இல் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தாய்க்கு ஆஸ்துமா இருந்தால் பிள்ளைக்கு வரும் சாத்தியக்கூறு ஏறக்குறைய மூன்று மடங்கு. தகப்பனுக்கு இருந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. தாயின் பக்கம் சற்றுக் கூடுதல்தான். பிள்ளை ஒன்பது மாதம் தாயின் உடலில் வளர்வதால் பரம்பரையலகுக்கு அப்பாற்பட்ட காரணங்களும் அதில் இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஆனால் இரண்டரையைப் பூச்சியமென்றும் மூன்றை முழுக்குற்றமென்றும் வாசிப்பது கணக்கல்ல. பிள்ளையின் நிறமூர்த்தங்கள் நாற்பத்தாறில் இருபத்துமூன்று வாப்பா தந்தவை.

அமெரிக்காவில் இரண்டு கிறிஸ்தவ விவசாயச் சமூகங்கள் உள்ளன. ஆமிஷ் என்று ஒன்று, ஹட்டரைட் என்று ஒன்று. இரண்டும் மத்திய ஐரோப்பாவிலிருந்து போனவை. இரண்டிலும் பெரிய குடும்பங்கள். இரண்டிலும் வெளியாரோடு சம்பந்தம் செய்வது குறைவு. பரம்பரையிலும் கிட்டத்தட்ட ஒரே சாயல். ஆமிஷ் குடும்பத்தார் குதிரை பூட்டி உழுகிறார்கள். வீட்டோடு ஒட்டியே மாட்டுத் தொழுவம், பிள்ளைகள் அதற்குள்ளேயே தவழ்ந்து வளர்கின்றன. ஹட்டரைட் சமூகத்தார் பெரிய பெரிய இயந்திரங்கள் கொண்ட பொதுப்பண்ணை வைத்திருக்கிறார்கள். மாடுகள் வீடுகளுக்குத் தூரத்தில். பாடசாலை வயதுப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷ் பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து, ஹட்டரைட் பக்கத்தில் நூற்றுக்கு இருபத்தொன்று. 2016இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் கரோல் ஓபரும் மற்றவர்களும் இரு பக்கத்து வீட்டுத் தூசியையும் ஆராய்ந்தார்கள். ஆமிஷ் வீட்டுத் தூசியில் பக்டீரியாக்களிலிருந்து வரும் ஒருவகைப் பொருள் கிட்டத்தட்ட ஏழு மடங்கு கூடுதல். அந்தத் தூசியைக் கொடுத்துப் பார்த்த எலிகளுக்கு ஆஸ்துமாவையொத்த நோயை உண்டாக்குவது கடினமாக இருந்தது. இளம் வயதிலேயே உடலின் எதிர்ப்புத் தொகுதி எதற்குப் பதறுவது, எதற்குப் பதறாமலிருப்பது என்று பழகிக்கொள்கிறது போலும்.

இதைக் கேட்டுவிட்டு எவரும் இழுப்புள்ள பிள்ளையைச் சூடடிக்கும் களத்துக்குக் கூட்டிப்போய்விட வேண்டாம். நோய் வராமல் காக்கும் தூசி வேறு. வந்த நோயைக் கிளறும் தூசி வேறு. எங்கள் வீடுகளின் கதையும் வேறு. 2022இல் காஸ் சிலிண்டர் கிடைக்காமல் ஊர் முழுவதும் விறகடுப்புக்குத் திரும்பிய மாதங்களை நினைத்துப் பாருங்கள். குசினியில் புகை, படுக்கையறையில் நுளம்புச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அதே நாட்களில்தான் மருந்துத் தட்டுப்பாடும் வந்து பம்ப் தேடி அலைந்தார்கள். பரம்பரையலகு எதுவும் அந்த வருடத்தில் மாறவில்லை.

என்னுடைய பெரியம்மா ஒருத்தி இருந்தா. கையெழுத்துப் போடத் தெரியாது. கைக்குழந்தைக்குக் கரப்பான் கண்டால், 'கவனம், இது பிறகு நெஞ்சுக்குப் போகும்' என்பா. வீட்டார் சிரிப்பார்கள். 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ஆராய்ந்தவர்கள், தோலின் மேற்படையை இறுக்கமாக வைத்திருக்கும் ஒரு புரதத்துக்குரிய பரம்பரையலகில் பழுதிருந்தால் குழந்தைக்குக் கரப்பான் வருவதையும், அப்படிக் கரப்பான் வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வரும் சாத்தியம் கூடுவதையும் காட்டினார்கள். தோலின் காவல் தளர்ந்தால் அந்நியப் பொருட்கள் உள்ளே போய் உடலைக் கூச்சம் கொள்ளப் பழக்குகின்றனவாம். பெரியம்மா மௌத்தாகிப் பல வருடங்கள். சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பா. இந்தக் கூச்சத்துக்கு அரபு வைத்தியத்திலும் ஒரு பழைய தடயம் உண்டு. அபூ செய்த் அல்பல்கிக்கு வசந்த காலத்தில் ரோசாப்பூ மணத்தால் ஏன் மூக்கொழுகுகிறது என்று ராஸி ஒரு தனிக் கட்டுரையே எழுதினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட வருடங்களுக்கு முன்னர், பல்கியின் தாய் எந்த வயிறென்று கேட்காமல், பக்கத்தில் என்ன பூத்திருக்கிறதென்று பார்த்த மனிதர்.

பம்ப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒன்றல்ல, பெரும்பாலும் இரண்டு. ஒன்று முட்டும்போது சுவாசக் குழாயை உடனே விரிப்பது. மற்றது, குழாயின் உட்சுவரில் ஓயாமல் இருக்கும் வீக்கத்தை மெல்ல அடக்குவது. முட்டு இல்லாத நாளிலும், வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரை எடுக்க வேண்டியது. எங்கள் ஊரில் முதலாவதை ஒளித்து வைத்துப் பாவிக்கிறார்கள். இரண்டாவதைப் 'பழகிப்போகும்' என்ற பயத்தில் பாவிப்பதேயில்லை. அது பழக்கமாகும் மருந்தல்ல. பெண்பிள்ளை என்றால் பயம் இன்னும் கூடுகிறது. பருவமடைந்த பிள்ளையின் கையில் பம்ப் கண்டால் சம்பந்தம் கெடும் என்று, ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டிய மருந்தைத் தாயே அலுமாரிச் சேலைகளுக்கு அடியில் வைத்துவிடுகிறா. பரம்பரை என்ற ஒரு சொல்லை ஊர் தவறாகப் பிடித்துக்கொண்டதன் விலை இதுதான். ஆஸ்துமாவால் பிள்ளைகள் இறப்பதும் உண்டு. அந்த மரணங்களில் மிகப் பலவும் தடுத்திருக்கக் கூடியவை.

அந்த உம்மாவிடம் இவற்றையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. சொன்னதும் இவ்வளவு நீளமாக அல்ல. "ராத்தா, ஒங்களுக்கு இருந்தது உண்மை. ஒங்கட மூத்த மகளுக்கு இல்லையென்பதும் உண்மை. ரெண்டும் ஒரே வயிறுதானே" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத நீங்க எங்கட மாமிக்கிட்டச் சொல்லுங்களன் சேர்" என்றா. மாமியிடம் போகும் துணிச்சல் எந்த ஆசிரியனுக்கும் வராது. வாப்பாவிடம் பேசினேன். இப்போது அவர் படலைக்கு வெளியே, மதிலோரம் நின்று புகைக்கிறார். விட்டுவிடுவார் என்று சொல்லமாட்டேன். மூத்தவளுக்குப் பிறகொரு சம்பந்தம் வந்தது. தங்கச்சிக்கு இருப்பதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மாப்பிள்ளையின் தாய், "எங்கட சின்னவனுக்கும் அதுதான்" என்றாவாம்.

சென்ற வருடம் தரம் 11இல் பரம்பரைப் பாடம் எடுக்கும்போது மெண்டலின் கட்டத்துக்குப் பக்கத்தில் திரிஸ்தான் தீவையும் ஒரு புள்ளியாக வரைந்து கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் எழும்பினான். "அப்ப சேர், அந்தத் தீவுல இழுப்பு இரிக்கிற ஊட்டுல பொண் எடுக்க மாட்டாங்களா?" நான் வாய் திறக்குமுன் பின்வாங்கில் இருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது: "எடுக்காட்டி, கடலுக்குள்ள போயா எடுக்கிற?" வகுப்பே சிரித்தது. இரட்டைப் பாடவேளையில் மீதி அரை மணித்தியாலமும் அவர்கள் கலியாணத்தைப் பற்றியே கேட்டார்கள். பட்டாணிச் செடியை எவரும் கேட்கவில்லை.

இப்போது காரியாலயத்தில் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு ஒதுக்கியிருக்கின்றோம். பூட்டு இல்லை. தாங்களே வைத்துப் பாவிக்கக்கூடிய பெரிய பிள்ளைகள் பம்பைத் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அதிபர் அனுமதி கொடுத்தார். மற்றவர்களுக்கு அந்தத் தட்டு. இந்தத் தவணையில் ஆறு பம்புகள் இருக்கின்றன. நான்கு பையன்களுடையவை, பிளாஸ்ரர் ஒட்டி முழுப்பெயர் எழுதியிருக்கிறது. பெண்பிள்ளைகளுடையவை இரண்டு. அவற்றில் உம்மாமார் கேட்டுக்கொண்டபடி சேர்விலக்கம் மட்டும்தான் இருக்கிறது.